நீல மாத்திரையும் கடுக்காய் மையும்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ஊட்டச்சத்தும் ஆரோக்கியமும் பற்றிய பாடம் வரும்போது குறைபாட்டு நோய்களின் அட்டவணையை மாணவர்கள் மளமளவென்று ஒப்பித்துவிடுவார்கள். இரும்பு என்றால் இரத்தசோகை. ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். அதே மாணவிகளில் சிலர் வியாழக்கிழமை மதியம் நாம் கையில் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, கை கழுவும் இடத்தில் துப்பிவிட்டு வருகிறார்கள். மாத்திரை வழங்கும் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. தொட்டியின் சல்லடையில் நீலச் சாயம் ஒட்டியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம்.

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்களில் 31 பேர். நம் வகுப்பறையில் இடப்பக்க பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இறைவணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுபவர்கள், இரண்டாம் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்ப்பவர்கள், மாடிப்படி ஏறியதும் மூச்சு வாங்குபவர்கள் ஆகியோரை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாம் 'கவனக்குறைவு' என்று எழுதி வைக்கும் பலவற்றுக்குப் பின்னால் ஹீமோகுளோபின் குறைவு இருக்கலாம்.

மாத்திரையை ஏன் விழுங்குவதில்லை என்று நேரடியாகக் கேட்டால், "விழுங்கிட்டேன் டீச்சர்" என்ற பதில்தான் வரும். ஆகவே பெயர் எழுதாத துண்டுச் சீட்டுகளில் எழுதித் தரச் சொன்னேன். வந்த காரணங்களைத் தொகுத்தால் ஐந்தாறுதான். குமட்டுகிறது. அடுத்த நாள் மலம் கறுப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது. உடம்புக்குச் சூடு என்று அம்மா சொன்னார். பின்னால் குழந்தை பிறக்காது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். வீட்டில் பீட்ரூட் சாறு குடிக்கிறேன், அதனால் வேண்டாம். இயற்கையாகக் கிடைப்பதைச் சாப்பிட்டாலே போதும், மாத்திரை எல்லாம் கெமிக்கல்.

இந்தச் சீட்டுகளையே பாடக்குறிப்பாக வைத்துக்கொண்டு நான்கு பாடவேளைகள் எடுத்தேன். மற்ற பள்ளிகளிலும் எடுத்துப் பார்க்கலாம் என்பதற்காக விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பயத்தைத் தீர்க்க வேண்டும். மாத்திரையில் உள்ள இரும்பு முழுவதையும் குடல் உறிஞ்சிக்கொள்வதில்லை. மிச்சம் வெளியேறுகிறது, அதனால் மலம் கறுக்கிறது. ஆபத்து எதுவும் இல்லை. இதை இரண்டு வாக்கியத்தில் சொன்னதும் வகுப்பில் ஒரு பெருமூச்சு கேட்டது. இத்தனை வாரங்களாக யாரிடமும் கேட்க முடியாமல் ஒரு பெண் இதை மனதில் வைத்திருந்திருக்கிறாள். குமட்டல் பெரும்பாலும் வெறும் வயிற்றில் போடுவதால் வருவது. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் காலையில் ஒரு டீயும் வர்க்கியும்தான். அன்று மதியச் சாப்பாட்டையும் வேண்டாம் என்றுவிட்டு மாத்திரை போட்டால் வயிறு புரளத்தான் செய்யும். சாப்பிடாதவருக்கு அன்று மாத்திரை இல்லை, அடுத்த நாள் சாப்பிட்டுவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதை எங்கள் பள்ளியில் வழக்கமாக்கினோம். குழந்தை பிறக்காது என்ற வதந்திக்கு, கருவுற்ற தாய்மார்களுக்கு அரசு மருத்துவமனைகளில் நாள்தோறும் இதே இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான் கொடுக்கிறார்கள் என்ற ஒரு தகவல் போதும். அங்கே மாத்திரையின் நிறம் சிவப்பு, இங்கே நீலம். அக்கா, அண்ணி என்று யாராவது ஒருவர் அதைச் சாப்பிட்டதைப் பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள்.

பீட்ரூட்டுக்கு வருவோம். இதுதான் வகுப்பில் நீண்ட நேரம் ஓடியது. "இரத்தம் ஊற என்ன சாப்பிட வேண்டும்?" என்று கரும்பலகையில் எழுதச் சொன்னால் பீட்ரூட், மாதுளை, பேரீச்சை, தர்பூசணி, கேரட் என்று ஒரே சிவப்பாக வந்து நிற்கிறது. நிறத்தைப் பார்த்துச் சத்தை முடிவு செய்கிறோம். பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலைன் என்ற நிறமியால் வருவது. அதற்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. ஆனால் நிறத்தில் சாம்பலாக இருக்கும் கம்பில் 100 கிராமுக்கு 6 மி.கி.க்கு மேல் இருக்கிறது. பச்சை முருங்கைக்கீரையில் 4 முதல் 5 மி.கி. கேழ்வரகிலும் கிட்டத்தட்ட அதே அளவு. கேழ்வரகின் உண்மையான பெருமை கால்சியத்தில். தீட்டிய வெள்ளை அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. பீட்ரூட் கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல காய்தான், இந்த வேலைக்கு உரியது அல்ல.

"அப்போ முருங்கைக்கீரை சாப்பிட்டா மாத்திரை வேண்டாமா டீச்சர்?" என்ற கேள்வி உடனே வரும். கணக்குப் போடச் சொல்லுங்கள். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு உணவில் 30 மி.கி. இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. அதே வயதுப் பையனுக்கு 22 மி.கி. பெண்ணுக்கு ஏன் கூடுதல்? ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிடாயில் 40 மி.லி. இரத்தம் போனால் 20 மி.கி. இரும்பு போகிறது. இருபாலரும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இந்தக் கணக்கைப் போடலாமா என்று ஒரு சக ஆசிரியர் தயங்கினார். நான் போட்டேன். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டாலும் கணக்கைச் சரியாகவே முடித்தார்கள். தங்கையும் அக்காவும் வீட்டில் ஏன் சோர்ந்து படுக்கிறார்கள் என்று அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த படி முக்கியமானது. தட்டில் இருக்கும் இரும்பு எல்லாம் உடம்புக்குள் போவதில்லை. நம்முடைய சோறு, குழம்பு, கீரை உணவில் இருக்கும் இரும்பில் 100க்கு 5 முதல் 8 பங்குதான் குடலில் உறிஞ்சப்படுகிறது. 100 கிராம் முருங்கைக்கீரையின் நாலரை மில்லிகிராமில் உடம்பில் ஏறுவது 0.2 முதல் 0.4 மி.கி. வரைதான். மீன், கறி, ஈரல் ஆகியவற்றில் உள்ள இரும்பு இதைவிடப் பல மடங்கு எளிதாக ஏறும். எங்கள் ஊரில் அது வாரம் ஒரு நாள் சங்கதி. ஆக, குறைவு வராமல் பார்த்துக்கொள்ளக் கீரை உதவும். ஹீமோகுளோபின் 8க்கு இறங்கிவிட்டவளை மேலே தூக்கிவிட அதனால் மட்டும் முடியாது. அதற்கு மாத்திரையின் அளவு தேவை. 2018இல் தொடங்கிய 'இரத்தசோகை இல்லா இந்தியா' திட்டத்தின்படி வாராந்திர நீல மாத்திரை ஒன்றில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. அதுவும் தடுப்புக்கான அளவுதான். இரத்தசோகை உறுதியானவர்களுக்கு மருத்துவர் தினசரி அளவாக எழுதித் தருவார்.

இப்போது செயல்பாடு. செலவு 20 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆய்வகத்தில் உள்ள பெரஸ் சல்பேட்டின் பச்சைப் படிகங்களில் அரைத் தேக்கரண்டி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். (நீல மாத்திரையைப் பொடித்துச் செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம், பதிவேட்டில் கணக்கு உதைக்கும்.) நான்கு கண்ணாடி டம்ளர்களில் முறையே வெறும் தண்ணீர், பால் சேர்க்காத டீ டிகாஷன், எலுமிச்சைச் சாறு கலந்த அதே டிகாஷன், கடுக்காய்த் தோலைக் கொதிக்க வைத்து வடித்த நீர். ஒவ்வொன்றிலும் இரும்புக் கரைசலைச் சில சொட்டுகள் விட வேண்டும்.

தண்ணீரில் ஒன்றும் ஆகாது. டிகாஷன் கண்ணெதிரே கறுத்துப் போகும். எலுமிச்சை கலந்த டம்ளரில் கறுப்பு மங்கலாகவே இருக்கும். கடுக்காய் நீர் நான்கிலும் அதிகமாக, நீலம் பாய்ந்த கருமையாக மாறும். அதில் ஒரு குச்சியைத் தோய்த்து வெள்ளைத் தாளில் பெயரை எழுதச் சொன்னேன். காயக் காய எழுத்து இன்னும் கறுத்தது. நம் ஊரில் முன்பு கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியது இந்த வினையைக் கொண்டுதான். அன்னபேதி என்பது ஆய்வகத்தில் நாம் பெரஸ் சல்பேட் என்று சொல்லும் அதே பச்சைப் பொருள். ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரக் காய்ப்புகளைப் பயன்படுத்தினார்கள். அன்று முழுவதும் பிள்ளைகள் அந்த மையில் எழுதிய தாள்களைக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள். வேதிவினை பற்றிய பத்தாம் வகுப்புப் பாடத்துக்கும் இதையே எடுத்துக்கொள்ளலாம். டம்ளர்களை ஆய்வகத்துக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், யாரும் சுவைத்துப் பார்க்க விடாதீர்கள்.

துவர்ப்புப் பொருளான டானின் இரும்பைப் பற்றிக்கொண்டு கரையாத கறுப்புப் பொருளாகிறது. சாப்பாட்டோடு டீ குடித்தால் வயிற்றிலும் இதைப் போன்ற ஒன்று நடக்கிறது. தாவர உணவிலிருந்து கிடைக்கும் இரும்பில் பாதிக்கு மேல் அப்படிப் போய்விடக்கூடும். காபியும் தடுக்கும், டீ அளவுக்கு இல்லை. "பால் டீ குடிச்சா?" என்றான் ஒருவன். பாலின் புரதம் டானினைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்றாலும் பாலில் உள்ள கால்சியமும் இரும்பைத் தடுக்கக்கூடியது. டீயை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நடக்காது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். எங்கள் ஆசிரியர் அறைக்கு வரும் டீயும் இப்போது மூன்று மணிக்கு மாறிவிட்டது. பிள்ளைகள்தான் மாற்றினார்கள் என்று சொல்ல வேண்டும்.

எலுமிச்சை டம்ளர் அடுத்த பாடத்தைத் தருகிறது. வைட்டமின் சி தாவர இரும்பு உறிஞ்சப்படுவதை இரண்டு, மூன்று மடங்குகூட உயர்த்தும். கீரைப் பொரியலை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவது, மதியச் சாப்பாட்டோடு ஒரு கொய்யாத் துண்டு அல்லது பெரிய நெல்லிக்காய் கடிப்பது போன்றவை பணக்காரப் பழக்கங்கள் அல்ல. பள்ளிக்கூட வாசலில் உப்பு, மிளகாய்த்தூள் தொட்டு விற்கும் நெல்லிக்காயை நாம் திட்டிக்கொண்டே இருக்கிறோம். மாத்திரை நாளில் அதற்கு ஒரு மரியாதை கொடுக்கலாம், கழுவித் தின்றால். கம்பங்கூழைப் புளிக்க வைப்பது, பயறை முளைகட்டுவது, மாவைப் பொங்க வைப்பது எல்லாம் தானியத்தில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கின்றன. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு கொதிக்க வைத்தால் சட்டியின் இரும்பு கொஞ்சம் குழம்பில் இறங்கும். எங்கள் பாட்டிமார் இதைக் காரணம் சொல்லாமல் செய்தார்கள். நான்-ஸ்டிக் வாங்கிய பிறகு அது போயிற்று.

இந்தப் பாடம் நடந்த மாதத்தில் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்து பரிசோதித்ததில் ஒரு மாணவிக்கு ஹீமோகுளோபின் 8.4 இருந்தது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தும் வீட்டில் போகவில்லை. மூன்று மாதமாகப் பேரீச்சை சிரப்பும் பீட்ரூட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கட்டட வேலைக்குப் போய்விடுவதால் பாட்டி வந்தார்.

"இங்கிலீஷ் மாத்திரை சூடு டீச்சரம்மா. வயசுப் பொண்ணு. நாட்டு வைத்தியம்தான் ஒத்துக்கும்" என்றார்.

"பாட்டி, உங்க காலத்துல உடம்பு வெளுத்துப் போனா வைத்தியர் என்ன கொடுப்பார்?"

"செந்தூரம்தான். அன்னபேதிச் செந்தூரம், தேன்ல குழைச்சு. என் தங்கச்சிக்குக் கொடுத்திருக்காங்க."

ஆய்வகத்திலிருந்து அந்தப் பச்சைப் படிகச் சீசாவைக் கொண்டுவந்து காட்டினேன். நாட்டு மருந்துக் கடையில் பார்த்த பொருள் என்பதால் பாட்டி பார்த்ததும் அடையாளம் சொன்னார். பேத்தி கடுக்காய் மையில் எழுதிய தாளையும் காட்டினாள். அன்னபேதியைப் புடம் போட்டுத்தான் செந்தூரம் ஆக்குகிறார்கள். பள்ளியில் கொடுக்கும் மாத்திரையிலும் பெரஸ் சல்பேட்தான் இருக்கிறது. சித்த மருத்துவம் பாண்டு என்று பெயரிட்ட நோய்க்கு அன்றைக்கே இரும்பைத்தான் கொடுத்திருக்கிறது. "அப்போ ரெண்டும் ஒண்ணா?" என்றார் பாட்டி. ஒன்றே அல்ல, செய்முறையும் அளவும் வேறு. ஆனால் இரண்டிலும் இரும்பு இருக்கிறது, பீட்ரூட்டில் இல்லை என்றேன். மறுநாள் பேத்தியை அழைத்துக்கொண்டு போய்விட்டார். மருத்துவர் எழுதிய தினசரி மாத்திரைகளை மூன்று மாதம் சாப்பிட்ட பிறகு 10.9 ஆனது. ஏன் அவ்வளவு மெதுவாக என்று வகுப்பில் கேட்டார்கள். இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். பழையவை போய்ப் புதியவை வர அவ்வளவு காலம் ஆகும். அவள் இன்னும் மாத்திரையை நிறுத்தவில்லை. ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடலின் இருப்பு நிரம்பச் சில மாதம் தொடர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இயற்கை மருத்துவம், ஆங்கில மருத்துவம் என்று வகுப்பில் பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு விருப்பமில்லை. எதில் என்ன இருக்கிறது, எவ்வளவு, எதோடு சேர்த்து, எப்போது என்ற நான்கு கேள்விகளைச் செந்தூரத்திடமும் கேட்கலாம், மாத்திரையிடமும் கேட்கலாம். சித்த மருந்து வேண்டும் என்பவர்கள் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குப் போகட்டும். கடையில் அன்னபேதி வாங்கி வீட்டில் உரசிக் குடிக்கக் கூடாது. சுத்தி செய்யாத பெரஸ் சல்பேட் வயிற்றைப் புண்ணாக்கும். இரும்பு அளவு மீறினால் நஞ்சு. ஒரு மாத மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கோடை விடுமுறையில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மிட்டாய் போல நீலமாக இருப்பதைக் குட்டித் தம்பி அள்ளித் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. பரண் மேல் வைக்கச் சொல்லுங்கள்.

வேறு மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெஞ்செரிச்சலுக்குச் சப்பிச் சாப்பிடும் மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்று இரும்பு மாத்திரையோடு அதையும் சேர்த்துப் போட்டால் பயன் போய்விடும். சில மணி நேரம் இடைவெளி வேண்டும். பெட்டிக்கடையில் ஒற்றை மாத்திரையாக விற்கும் தலைவலி, உடல்வலி மாத்திரைகளை இந்தச் சோர்வுக்காக வாங்கிப் போடும் பிள்ளைகள் பலர். பாரசிட்டமால் என்றால் சோர்வின் காரணத்தை மறைக்கும், அவ்வளவுதான். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வகையாக இருந்தால் வெறும் வயிற்றில் இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கவும் கூடும். இருக்கிற இரும்பும் போகும்.

பல்பம், சாக்பீஸ், பச்சரிசி, சாம்பல் தின்னும் பிள்ளைகளை அடிக்காதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். இரும்புக் குறைவின் அடையாளமாக அந்த ஆசை வருவதுண்டு. பெயரைக் குறித்து வைத்து மருத்துவக் குழு வரும்போது முதலில் நிறுத்துங்கள். கொக்கிப் புழு குடலில் தொங்கிக்கொண்டு இரத்தம் குடிப்பதால், பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாட்களில் தரும் 400 மி.கி. அல்பெண்டசோலை மென்று விழுங்கச் செய்வதும், கழிப்பறைக்கும் வயலுக்கும் செருப்பு போட்டுப் போகச் சொல்வதும் இந்தப் பாடத்தின் பகுதிதான்.

இன்னொன்றும் உண்டு. எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. வைட்டமின் பி12 குறைவாலும் வரும். தலசீமியா, அரிவாள் செல் இரத்தசோகை போன்ற பரம்பரை நோய்களாலும் வரும். அவர்களில் சிலருக்கு மருத்துவர் சொல்லாமல் இரும்பு கொடுப்பது கெடுதல். மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறாத பிள்ளை, அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளை, மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டும் பிள்ளை ஆகிய மூவரின் பெயரையும் மாத்திரைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து, மருத்துவ அலுவலர் வரும் அன்று காட்டிவிடுங்கள்.